சாலைக்கு அடியில் ஒரு வழி

வசந்தாமணி ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸின் இடது பக்கத்தில், டிரைவர் ஜன்னலுக்குக் கீழே, மடக்கி வைத்த சிவப்புப் பலகை ஒன்று இருக்கும். பொத்தானை அமுக்கினால் அது வெளியே நீளும். கூடவே சிவப்பு விளக்குகள் மின்னும். அதைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் வருகிற வண்டிகள் நின்றே ஆக வேண்டும். நியூ ஜெர்சியில் அது சட்டம். பிள்ளைகள் ஏறவும் இறங்கவும் மட்டுமே அதை நீட்டலாம் என்பதும் சட்டம்தான். ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, நாலாம் வகுப்புப் பிள்ளைகளை ஆற்றங்கரை ஸ்டேட் பார்க்குக்கு ஏற்றிக்கொண்டு போனபோது, வசந்தாமணி அந்தப் பலகையை ஓர் ஆமைக்காக நீட்டினார்.

ஆமை சாலையின் நடுக்கோட்டில் நின்றிருந்தது. மரத்தில் செதுக்கி அடுக்கியதுபோன்ற ஓடு. கழுத்தும் கால்களும் மாம்பழ நிறம். தூரத்திலேயே பார்த்துவிட்டதால் வசந்தாமணி மெதுவாக வந்து பஸ்ஸை நிறுத்தினார். ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் போதும் என்றுதான் நினைத்தார். அப்போது எதிர் வளைவில் ஒரு பிக்கப் டிரக் வேகமாக வந்தது. பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது டிரைவர் பஸ்ஸை விட்டு இறங்கக் கூடாது. ஹாரன் அடித்தால் டிரக் ஓட்டுகிறவருக்கு என்ன புரியப்போகிறது? வசந்தாமணியின் கை பொத்தானுக்குப் போய்விட்டது.

டிரக் கிறீச்சிட்டு நின்றது. அதன் பின்னால் வந்த கார்களும் நின்றன. பஸ்ஸுக்குப் பின்னாலும் ஒரு வரிசை சேர்ந்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு ஒரு காலை எடுத்து வைத்தது. சத்தம் போட்டால் பயந்துவிடும் என்று டீச்சர் சொல்லியிருந்ததால் பிள்ளைகள் ஜன்னல்களில் முகத்தை ஒட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். ஆமை சாலையைக் கடந்து புல்லுக்குள் இறங்கியதும் பஸ் முழுக்கக் கைதட்டல்.

பின்னால் நின்ற கார் ஒன்றில் இருந்தவர் அதை வீடியோ எடுத்திருந்தார். மாலைக்குள் அது ஊர் முழுக்கச் சுற்றியது. பாதிப் பேர் இதயம் போட்டார்கள். மீதிப் பேர் இந்த டிரைவர் யார், வேலையில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

மறுநாள் பஸ் யார்டு மேனேஜர் ரே அவரை அழைத்தார். ரே கத்துகிற ஆள் அல்ல. அந்தப் பலகை நீண்டால் குழந்தை வருகிறது என்று அர்த்தம், அதற்கு மட்டும்தான் ஜனங்கள் நிற்கப் பழகியிருக்கிறார்கள், ஆமைக்கும் அணிலுக்கும் நீட்ட ஆரம்பித்தால் ஒருநாள் நிஜமாகவே குழந்தை இறங்கும்போது ஒருத்தன் நிற்காமல் போவான் என்றார். வசந்தாமணி, நீங்கள் சொல்வது சரி, இனிமேல் செய்ய மாட்டேன் என்றார். பள்ளி விடுமுறை தொடங்கும் வரை அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் கணவர் சேனாபதி, பிளெயின்ஸ்போரோவில் ஒரு மருந்து கம்பெனிக்கு சாஃப்ட்வேர் சோதித்துக் கொடுப்பவர், வீட்டுக்கு வந்ததும் லேப்டாப் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"ஏன் மணி, நமக்கு எதுக்கு இந்த வேலை? பேசாம விட்டுப்போட்டு ஊட்ல இரேன். என்ற சம்பளம் பத்தாதா?"

"ரே சொன்னது நாயந்தானுங்க. பலகையை இனி நீட்ட மாட்டேன். ஆனா வேலையை விடமாட்டனுங்க. அந்த ஆமை அடுத்த வருசமும் அதே ரோட்டைத்தான் தாண்டோணும். அதுக்கு என்ன வழின்னு யோசிச்சிட்டு இருக்கறன்."

கல்லூரி விடுதியிலிருந்து மகள் வெண்பா போன் பண்ணி, "அம்மா, யூ ஆர் ஃபேமஸ்" என்று சிரித்ததில் அன்றைய பேச்சு முடிந்தது.

வேலையை விடமாட்டேன் என்று அவர் சொன்னதன் கனம் எங்கள் தெருவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தியூர்ப் பக்கத்திலிருந்து பி.காம் முடித்து, கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தவர். கணவரோடு வருகிற மனைவிக்குக் கொடுக்கும் விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. கிரீன் கார்டு வருவதற்குள் வெண்பா உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். அந்த வருடங்களில் வசந்தாமணி கற்றுக்கொண்ட ஒன்று கார் ஓட்டுவது. பனியோ மழையோ, எங்கள் வெஸ்ட் வின்ட்சரில் யாருடைய பிள்ளையைப் பாட்டு கிளாஸில் விடவேண்டும், யாரைப் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் இறக்க வேண்டும் என்றாலும் போன் அவருக்குத்தான் வரும். சலிக்காமல் போவார். ஓட்டுவது அவருக்குப் பிடித்திருந்தது.

கிரீன் கார்டு வந்த அந்த வாரம், சிக்னலில் முன்னால் நின்ற பள்ளிக்கூட பஸ்ஸின் முதுகில் டிரைவர்கள் தேவை, பயிற்சி நாங்களே தருகிறோம் என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். நேராக யார்டுக்குப் போய் இறங்கினார். கனரக லைசென்ஸ் பரீட்சையில் எஞ்சின் மூடியைத் திறந்து ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக்காட்டிப் பெயர் சொல்ல வேண்டும். ஏர் பிரேக் கசிகிறதா என்று சோதித்துக் காட்ட வேண்டும். அதெல்லாம் ஒரே தடவையில் ஆயிற்று. பின்பக்கமாக எடுப்பதில் தோற்றார். மறுபடி போய் ஜெயித்தார். லைசென்ஸ் கையில் வந்த அன்று சேனாபதியைக் கூட்டிக்கொண்டு யார்டுக்குப் போய், அந்த நீள மஞ்சள் பஸ்ஸைப் பின்பக்கமாகவே இரண்டு பஸ்ஸுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்திக் காட்டினார்.

கோவிலில் பார்க்கிறவர்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிற மீனாக்ஷி, வீடு வாங்கி விற்றுத் தருகிற ஏஜென்ட், மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறவர். "வேற வேலையே கிடைக்கலையா வசந்தா?" என்று பிரசாத வரிசையில் வைத்தே கேட்டார். வசந்தாமணி, கிடைத்தது, இதுதான் பிடித்தது என்று சொல்லிவிட்டுச் சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டார்.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்த நாட்களில் அவர் தன் காரை எடுத்துக்கொண்டு அந்த ஸ்டேட் பார்க்குக்குப் போனார்.

அந்தப் பார்க்கின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த ஆமைகளைப் பிடித்துச் செல்லப் பிராணியாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இடம் தெரிந்தால் ஒரே கோடையில் காலி பண்ணிவிடுவார்கள். டெலவர் ஆற்றின் நியூ ஜெர்சிக் கரையில் இருக்கிறது, ஓர் ஓடை வந்து ஆற்றில் விழுகிற இடத்தில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வசந்தாமணிக்கு அது பழகின இடம். பள்ளிகள் சுற்றுலாவுக்குக் கூட்டிவரும்போது பிள்ளைகள் ரேஞ்சரோடு போய்விடுவார்கள். மதியம் வரை டிரைவருக்கு வேலை கிடையாது. மற்றவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்கும் நேரத்தில் அவர் ஆற்றோரம் நடப்பார். கரை நெடுக வெள்ளைத் தண்டுள்ள சிகமோர் மரங்கள். ஏப்ரலில் கடலிலிருந்து ஷாட் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறி வரும். அவற்றைப் பார்த்து மரத்து உச்சியிலிருந்து வெண்தலைக் கழுகு இறங்கும். ஈர நிலத்தில் விரல் நுனி அளவுத் தவளைகள் மணியடிக்கிற மாதிரிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

ரேஞ்சர் லோரெய்ன், ஏறக்குறைய வசந்தாமணியின் வயதுக்காரர், அந்த வீடியோவை ஏற்கெனவே பார்த்திருந்தார். வசந்தாமணியைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியைக் கொடுத்து ஓடைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அன்று காலை முழுக்க அந்த ஆமைகள் எப்படி வாழ்கின்றன என்பதை வசந்தாமணி முதன்முறையாகக் கேட்டார்.

வுட் டர்ட்டில் என்று இங்கே சொல்கிறார்கள். குளிர்காலம் முழுக்க ஓடையின் அடியில், வேர்களுக்கு நடுவே அசையாமல் கிடக்கும். வசந்தம் வந்தால் கரை ஏறிப் புல்வெளியிலும் காட்டிலும் புழு, காளான், ஸ்ட்ராபெர்ரி என்று தின்று திரியும். பெண் ஆமைகள் முட்டையிட வெயில் படுகிற, இளகின மண் உள்ள மேடு தேடிப் போகும். ஒரு பெண் ஆமை முதல் முட்டை இடுவதற்கே பத்து வருடங்களுக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகு ஒரு மனித ஆயுளின் பெரும் பங்கு வாழும். அதனால் சாலையில் ஒரு தாய் ஆமை செத்தால் அது சின்ன நஷ்டம் இல்லை.

"எதுக்கு இந்த ரோட்டைத் தாண்டித்தான் போகணும்? இந்தப் பக்கமே முட்டை போடலாமே?" என்று வசந்தாமணி கேட்டதற்கு லோரெய்ன் சாலையின் மறுபக்கம் இருந்த நீளமான மண்மேட்டைக் காட்டினார்.

அந்த மேடு இயற்கையாக வந்தது இல்லை. ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்கு முன்னால் அங்கே ஒரு கால்வாய் வெட்டினார்கள். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் மண்வெட்டியாலும் கூடையாலும் வெட்டினார்கள். காலராவில் பலர் செத்து அந்தக் கரையிலேயே புதைக்கப்பட்டார்கள். வெட்டி எடுத்த மணலையும் சரளையையும் ஓரமாகக் கொட்டினார்கள். பிறகு கால்வாயில் கோவேறு கழுதைகள் இழுக்க நிலக்கரிப் படகுகள் போயின. ரயில் வந்ததும் படகுகள் நின்றன. கால்வாய் தூர்ந்தது. கொட்டிய மேடு மட்டும் கிடந்தது. அந்தப் பக்கத்துக் களிமண் நிலத்தில் இளகின மணல் என்று இருப்பது அது ஒன்றுதான். எத்தனையோ தலைமுறையாக ஆமைகள் அங்கேதான் முட்டையிட்டு வந்தன. ஓடைக்கும் மேட்டுக்கும் நடுவே கழுதைகள் நடந்த பாதை மட்டும் பின்னாளில் தார் போட்ட சாலையாகிவிட்டது. பெரிய ரோட்டின் நெரிசலைத் தவிர்க்க வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் அதில் வேகமாகப் போக ஆரம்பித்தார்கள்.

சாலைக்கு அடியில் பழைய கல் மதகு ஒன்று பாதி இடிந்து கிடந்தது. மாவட்ட நிர்வாகமான கவுன்ட்டி அதை எடுத்துவிட்டு ஒரு குறுகின சிமென்ட் குழாய் பதிக்கப்போகிறது என்று லோரெய்ன் சொன்னார். எப்படியும் சாலையைத் தோண்டத்தான் போகிறார்கள். குழாய்க்குப் பதில் அகலமாக, அடியில் உலர்ந்த மண் இருக்கிறாற்போல் ஒரு மதகு கட்டி, இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சுவர் வைத்தால் ஆமைகள் சாலைக்கு ஏறாமல் அடிவழியாகப் போய்வரும். பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறார். பொதுமக்கள் கருத்துக் கூட்டம் செப்டம்பரில் வரும். வழக்கமாக அவரும் இன்னும் இரண்டு பறவை பார்க்கிறவர்களும்தான் போவார்கள், அதனால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்றார்.

ஆள் சேர்ப்பது வசந்தாமணிக்குத் தெரிந்த வேலை. பள்ளி திறந்து மறுபடி வேலைக்குப் போனதும், காலை ட்ரிப் முடிந்து டிரைவர்கள் காபி குடிக்கிற நேரத்தில் ஒவ்வொருவராகப் பேசினார். எல்லோருக்கும் அந்தச் சாலை தெரியும். ஆமையும் தெரியும். கூட்டம் நடந்த மாலை அவர் கவுன்ட்டி அலுவலகத்துக்குப் போனபோது மண்டபத்தின் பின்வரிசை இரண்டும் மஞ்சள் ஜாக்கெட் போட்ட டிரைவர்களால் நிறைந்திருந்தது. ஓரத்து நாற்காலியில் ரே உட்கார்ந்திருந்தார். அவர் வருவார் என்று வசந்தாமணி எதிர்பார்க்கவே இல்லை.

மைக் முன்னால் நின்று பேசுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. கூட வந்திருந்த கணவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சேனாபதி, பேசு என்பதுபோலத் தலையாட்டினார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"நான் பஸ் டிரைவர். ரோட்டில் மிருகம் வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது, திடீர் பிரேக் போடக் கூடாது என்றுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பின்னால் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது சரியான பாடம். அப்படியானால் மே மாதமும் ஜூன் மாதமும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? ஆமையின் மேல் பஸ்ஸை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதைப் பிள்ளைகள் ஜன்னலில் பார்க்கிறார்கள். பிள்ளைகளா, ஆமையா என்று எங்களை யோசிக்க விடாதீர்கள். எப்படியும் அங்கே தோண்டப்போகிறீர்கள். கொஞ்சம் அகலமாகத் தோண்டுங்கள்."

பின்வரிசை முழுக்க எழுந்து நின்றது. மேடையிலிருந்த பெண்மணி ஒருவர், யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று கேட்டார். சாலை பல மாதம் மூடிக்கிடக்கும் என்று ஒருவர் முணுமுணுத்தார். ரே எழுந்து, சுற்றிப் போக வேண்டிய எல்லா ரூட்டையும் நான் மாற்றி அமைத்துத் தருகிறேன், அது என் பொறுப்பு என்றார். அடுத்த மாதக் கூட்டத்தில் அகலமான மதகுக்கு ஒப்புதல் கிடைத்தது. செய்தி வந்தபோது வசந்தாமணி யார்டில் பஸ்ஸைக் கூட்டிக்கொண்டிருந்தார். துடைப்பத்தோடு படியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார்.

சாலையை மூடியதும் எங்கள் வாட்ஸ்அப் குழு கொதித்தது. எல்லோரும் சுற்றிப் போக வேண்டியிருந்தது. பொங்கல் விழாவில் மீனாக்ஷி வசந்தாமணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு ஆமைக்காக என் க்ளையன்ட்ஸ் எல்லாம் ஊரைச் சுத்திட்டு வர்றாங்க வசந்தா. டூ மச்சா தெரியலை?"

"வேலை முடியட்டுங்க மீனாக்ஷி. நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன். பாத்துட்டு அப்பறமும் திட்டோணும்னா திட்டுங்க, கேட்டுக்கறேன்."

மார்ச்சில் மதகு முடிந்து சாலை திறந்தது. மே மாதம் ஆமைகள் ஓடையிலிருந்து ஏறின. சுவர் வரை வந்தன. சுவரோரமாகவே நடந்து மதகின் வாய்க்கு வந்தன. உள்ளே எட்டிப் பார்த்தன. திரும்பிப் போய்விட்டன.

தினமும் அதே கதை. சனி ஞாயிறுகளில் வசந்தாமணியும் லோரெய்னும் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். ஓர் ஆமைகூட மறுபக்கம் போய்ச் சேரவில்லை. நாள் முழுக்கச் சுவரோரம் அலைந்து களைத்துப் போனவற்றை லோரெய்ன் கையில் தூக்கி மேட்டில் கொண்டுபோய் விட்டார். யார்டில் கிண்டல் ஆரம்பித்தது. பிள்ளைகள், ஆமை போயிற்றா மிஸ் வசந்தா என்று தினமும் கேட்டார்கள். அவருக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டில் ஒருநாள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை பேரைச் சுற்ற வைத்தேனே என்று சேனாபதியிடம் சொன்னார். சேனாபதி, டெஸ்டிங்கில் முதல் தடவையே எது சரியாக ஓடியிருக்கிறது, எங்கே நின்றுபோகிறது என்று பார்த்தால் காரணம் தெரியும் என்றார்.

எங்கே நின்றுபோகிறது என்று வசந்தாமணி பார்த்தார். காலையில் வெயில் மதகுக்குள் கொஞ்ச தூரம் விழும். அதுவரை ஆமை போகும். மதியம் நிழல் வாயிலேயே தொடங்கும், ஆமையும் வாயிலேயே திரும்பிவிடும். லோரெய்னிடம் சொன்னார். இருவருமாக கவுன்ட்டி எஞ்சினியரை வரச் சொன்னார்கள்.

வந்தவர் ஆதர்ஷ். இங்கேயே எடிசனில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் புரியும், வாய் மட்டும் ஆங்கிலத்துக்குப் போய்விடும். மதகை வரைந்தது அவர்தான். மேலே திறப்பு வைத்தால் பனிக்காலத்தில் சாலையில் போடும் உப்பு ஒழுகி ஓடையைக் கெடுக்கும் என்று பயந்து மூடிவிட்டிருந்தார்.

"தம்பி, வெயில் எதுவரைக்கும் விழுகுதோ அதுவரைக்கும் போகுதுங்க. அப்பறம் திரும்பிருது. உள்ள இருட்டு அதுக்குப் பிடிக்கலை."

"ஐ வாஸ் அஃப்ரெய்ட் ஆஃப் தட், ஆன்ட்டி" என்றார் ஆதர்ஷ். புல்லில் படுத்து மதகுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு சாலைக்கு மேலே ஏறி நின்று, நடுவில் நீளவாக்கில் கம்பி வலைத் திறப்பு வைக்கலாம், குளிர்காலத்தில் மட்டும் இரும்புத் தகட்டால் மூடிவிடலாம், முதலிலேயே யோசித்திருக்க வேண்டும் என்றார். அந்த இலையுதிர்காலத்திலேயே ஆட்களைக் கூட்டிவந்து வேலையை முடித்துக் கொடுத்தார்.

ஏப்ரலில் தகடுகளை எடுத்த ஞாயிற்றுக்கிழமை, மதகுக்குள் ஓடை மணலும் இலைச்சருகும் பரப்ப ஆள் வேண்டும் என்று லோரெய்ன் சொல்லியிருந்தார். டிரைவர்கள் வந்தார்கள். சேனாபதி வந்து முட்டிபோட்டு உள்ளே நுழைந்து, முதுகு வலிக்க வலிக்க மணலைத் தள்ளினார். மீனாக்ஷியும் வந்தார். பெரிய டப்பா நிறையப் புளியோதரையும், கால் முழுக்கப் புது பூட்ஸுமாக. திட்டத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டே மாலை வரை சருகு அள்ளிப் போட்டார். மேலிருந்து வெயில் கட்டம் கட்டமாக மணலில் விழுந்தது. சேனாபதி சட்டையெல்லாம் சேறாக வெளியே வந்து, "நானே போயிட்டு வந்துட்டேன், இனி அதுக்கென்ன?" என்றார்.

மே கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ட்ரிப், பஸ் நிறையப் பிள்ளைகள். வளைவு திரும்பியதும் வசந்தாமணி சாலையோரத்தில் லோரெய்னைப் பார்த்தார். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டிய கையால் கீழே, சாலைக்கு அடியில் காட்டினார். பிறகு மறுபடி தூக்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

வசந்தாமணி வேகத்தைக் குறைத்து, ஒரே சீராக மதகின்மேல் போனார். கம்பி வலை டயருக்கடியில் கடகடவென்றது. மைக்கை எடுத்தார். வழக்கமாக, உட்காருங்கள், பெல்ட்டைப் போடுங்கள் என்று மட்டுமே பேசுகிற மைக். இப்போது நம் சக்கரத்துக்கு அடியில் ஓர் ஆமை முட்டையிடப் போய்க்கொண்டிருக்கிறது, அது அதன் வழியில், நாம் நம் வழியில் என்று அறிவித்தார். பிறகு கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரிச் சத்தம். பள்ளி வாசலில் இறங்கின ஒவ்வொரு பிள்ளையும் அவர் உள்ளங்கையில் தட்டிவிட்டுப் போனது. கடைசிப் பிள்ளையும் போன பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சேனாபதிக்குப் போன் பண்ணினார். அவர் மீட்டிங்கில் இருந்தார். எடுத்துவிட்டார்.

"போயிருச்சுங்க" என்றார் வசந்தாமணி.

"அப்பவே சொன்னனில்ல" என்றார் சேனாபதி. அப்பவே அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை ரெண்டு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு நேராக யார்டுக்கே போய் ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். ரே வாழ்க்கையில் முதன்முறையாக ஜாங்கிரி தின்றார். இன்னொன்று கேட்டு வாங்கினார்.

அதன் பிறகு ஜூன் முழுக்க ஆமைகள் போயும் வந்தும் இருந்தன. அந்தக் கோடையில் சாலையில் ஒன்றுகூட அடிபடவில்லை. பக்கத்து கவுன்ட்டியிலிருந்து ஆட்கள் வந்து ஆதர்ஷிடம் வரைபடம் வாங்கிப் போனார்கள். அவர்களுக்கு மதகைச் சுற்றிக் காட்டும்போது, மேல் திறப்பு எதற்கு என்று விளக்குகிற இடத்தில் ஆதர்ஷ் வசந்தாமணியை முன்னால் வரச் சொன்னார். புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பொறுப்பை ரே அவருக்கே கொடுத்தார். இப்போது அவரிடம் படிக்கிறவர்களில் எங்கள் பகுதித் தமிழ்ப் பெண்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை லோரெய்ன் கூப்பிட்டார். வசந்தாமணி, சேனாபதி, விடுமுறைக்கு வந்திருந்த வெண்பா, மீனாக்ஷி எல்லோருமாகப் போனோம். என்னையும் அன்று அழைத்திருந்தார்கள். மண்மேட்டின் ஓரத்தில் மணல் லேசாக அசைந்தது. முதலில் ஒரு மூக்கு, பிறகு தலை, பிறகு ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு முழு ஆமை வெளியே வந்தது. சாம்பல் நிறம், மாம்பழ நிறமெல்லாம் இன்னும் வரவில்லை, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீள வால். அதன் பின்னாலேயே இன்னொன்று. பிறகு வரிசையாக.

யாரும் அவற்றுக்கு வழி காட்டவில்லை. புல்லில் கவிழ்ந்து, நிமிர்ந்து, சரிவில் உருண்டு, மதகின் வாய்க்கு வந்தன. உள்ளே வெயில் கட்டங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தன. நாங்கள் சாலையைக் கடந்து மறுபக்கம் ஓடிப்போய் நின்றோம். மீனாக்ஷி போனில் சென்னையிலிருக்கிற தங்கைக்கு வீடியோ காட்டிக்கொண்டு, இது எங்க வசந்தா கட்டின டனல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் குட்டி வெளியே வந்து ஓடையோரத்துச் சேற்றில் நின்றது. வசந்தாமணி பூட்ஸோடு தண்ணீரில் குனிந்து நின்று, அதைப் பார்த்தார். வெண்பா அம்மாவின் தோளில் கை வைத்திருந்தாள்.

"கோ, கோ" என்று மெதுவாகச் சொன்னாள் வெண்பா.

"போ தங்கம், தண்ணி நல்லா இருக்குது" என்றார் வசந்தாமணி.

குட்டி தண்ணீரில் இறங்கியது. ஓட்டம் அதைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனது. பிறகு அது கால்களை விரித்து, நீந்தி, வேர்களுக்குள் போனது.